பதினாறாம் இடம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, கோபிக்க வேண்டாம். நான் நோர்வேயின் பேர்கனில் 26 வருடமாக இருக்கிறேன். வந்த வருடத்திலிருந்து யூரோவிஷன், அதுதான் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி, ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. 2009இல் எங்கள் அலெக்சாண்டர் ரிபாக் வயலினோடு வென்ற இரவில் தெருவில் இறங்கி ஆடியவள் நான். 2024இல் மால்மோவில் எங்கள் கோத்தெ குழு 'உல்வெஹாம்' பாடி, 25 நாடுகளில் 25ஆவதாக, 16 புள்ளியோடு வந்தபோது குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, அது வெறும் போட்டி" என்கிறாள். கணவருக்கு இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பு. 50 வயதில் ஒரு பாட்டுப் போட்டிக்கு இப்படி உருகுவது வெட்கப்பட வேண்டிய விஷயமா? நடுவர்களை எடுத்துவிட்டு மக்கள் வாக்கு மட்டும் வைத்தால் என்ன? அயல் நாடுகள் தங்களுக்குள் புள்ளி பங்கிடுவதை யாரும் ஏன் தடுப்பதில்லை? அப்புறம், அவர்கள் ஆங்கிலத்தில் பாடியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காதுதானே? யாருக்கும் விளங்காத மொழியில் பாடி என்ன கண்டார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, பேர்கன்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த கிழமை நான் பழைய பெட்டியொன்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தத் தாள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

அயல் நாட்டுப் புள்ளியை விடுங்கள். கிரேக்கம் சைப்பிரசுக்குக் கொடுக்கும், சைப்பிரஸ் கிரேக்கத்துக்குக் கொடுக்கும், மண்டபமே அதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும். ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரே பாட்டுப் பிடிக்கிறது, இதில் தடுக்க என்ன இருக்கிறது? நடுவர் விஷயத்தில் எனக்கும் மனக்குறை உண்டு. 2019இல் நோர்வேயின் கெய்னோ குழுவுக்கு மக்கள் வாக்கில் முதலிடம், நடுவர்கள் கொடுத்தது வெறும் 40 புள்ளி, கடைசியில் 6ஆம் இடம். ஆனால் அதை இன்று பேச எனக்கு மனமில்லை.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசிக் கேள்வியில்தான். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சனிக்கிழமை காலையில், மழையோ பனியோ, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிற தாய்மாரில் நீங்களும் ஒருவராகத்தான் இருந்திருப்பீர்கள். மகள் வீட்டில் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னால் "தமிழில் சொல்" என்று அதட்டியிருப்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், 50 லட்சம் சொச்சம் பேர் பேசுகிற ஒரு மொழியில் ஒரு குழு மூன்று நிமிடம் பாடியதைப் பார்த்து, யாருக்கும் விளங்காத மொழி என்று எழுதுகிறீர்களே. யார் அந்த யாருக்கும்? உங்கள் அயல் வீட்டுக் கிழவிக்கு விளங்குமே. உங்கள் மகளுக்கு விளங்குமே. 2006இல் கிறிஸ்டீனெ குல்ப்ராண்ட்சென், உங்கள் பேர்கன் பெண், ஏதென்ஸில் நோர்வேஜிய மொழியில் பாடினாரே, அதற்குப் பிறகு 18 வருடம் நோர்வே தன் மொழியை அந்த மேடைக்குக் கொண்டுபோகவே இல்லை. போன உடனே கடைசி இடம் என்றால், அதற்காக அந்த மொழியைத் திட்டுவதா?

கணக்கும் உங்கள் பக்கம் இல்லை. 2007இல் சேர்பியாவின் மரியா ஷெரிஃபோவிச் சேர்பிய மொழியில் பாடி வென்றார். 2017இல் கீவில் சல்வடோர் சொப்ரால், அக்கா எழுதிக்கொடுத்த பாட்டை ஒரு சின்ன வட்டத்தில் நின்று போர்த்துக்கேய மொழியில் பாடி 758 புள்ளி எடுத்தார். 1964இலிருந்து பாடிக்கொண்டிருந்த போர்த்துக்கலுக்கு அதுதான் முதல் வெற்றி. 2021இல் முதல் மூன்று இடமும் இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போயின. 2022இல் வென்ற பாட்டு உக்ரேனிய மொழி. சரி, வெற்றிக் கணக்கைக் காட்டி உங்கள் வாயை அடைப்பது என் நோக்கமில்லை, ஏனென்றால் எனக்குப் பிடித்த பாட்டுகள் வென்றவை அல்ல.

அந்தத் தாளுக்கு வருகிறேன். 1988 ஏப்ரல் 30, சனிக்கிழமை. நான் நோர்வேயின் வடக்கு முனையான பின்மார்க்கில், கடலோர ஊர் ஒன்றில், மீன் தொழிற்சாலையில் இருந்தேன். உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் வந்த எங்கள் பெடியன்கள் எத்தனை பேர் அந்த வடக்குக் கரையில் கொட் மீன் வெட்டினார்கள் என்று. எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அம்மா நிற்பார். 60 வயதை நெருங்கியவர், என்னைவிட இரண்டு மடங்கு வேகம், கத்தி முள்ளைத் தொடாமல் ஓடும். அவர்தான் எனக்கு மொழி சொல்லித் தந்தவர். கத்தி, தோல், முள், குளிர், வலி, இந்த ஒழுங்கில். அன்றைக்கு என்னையும் இன்னொரு பெடியனையும் "இரவு கிராண்ட் ப்ரீ, வந்துவிடுங்கள்" என்று வீட்டுக்குக் கூப்பிட்டார். யூரோவிஷனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனை தரம் கழுவினாலும் போகாத மீன் மணத்தோடு போனோம். வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்தார். வெளியே இரவு பத்து மணிக்கும் வானம் இருட்டவில்லை.

அவர் சம்பளக் கடித உறையொன்றைக் கிழித்து விரித்து, பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார். 21 நாடு, 21 வரி. அந்தக் காலத்தில் எல்லோரும் தங்கள் மொழியில்தான் பாட வேண்டும், அந்த விதியை எடுத்தது 1999இல். எனக்கு அப்போது ஒரு மொழியும் விளங்காது. ஆங்கிலம் கொஞ்சம். துருக்கி மொழி, பின்னிஷ் மொழி, ஐஸ்லாந்து மொழி, ஒன்றின் பின் ஒன்றாக, ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பாஷையில் கூச்சமே இல்லாமல் உலகத்துக்கு முன்னால் நின்று பாடுவதைப் பார்த்தேன். அகதி முகாமில் தமிழில் சத்தமாகக் கதைக்கவே தயங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த மூன்று மணித்தியாலம் என்ன செய்தது என்று உங்களுக்கு விளங்கும். நோர்வேக்காக கரோலீனெ க்ரூகர் பாடி 5ஆவதாக வந்தார். செலின் டியோன் சுவிற்சர்லாந்துக்குப் பாடி ஒரே ஒரு புள்ளியில் வென்றார், கடைசியாகப் புள்ளி சொன்ன யூகோஸ்லாவியாவின் வாக்கில். அம்மா பென்சிலை வைத்துவிட்டு மேசையில் அடித்த அடியில் கோப்பித் தட்டு குலுங்கியது.

எல்லாம் முடிந்த பிறகு, பாத்திரம் கழுவும்போது, அவர் ஏதோ முனகினார். சொல் இல்லாத மெட்டு, ஒரு சுழலைப் போலத் திரும்பித் திரும்பி வருவது. என்ன பாட்டு என்று கேட்டேன். யோய்க் என்றார், சாமிகள் என்ற வடக்குப் பழங்குடிகளின் பாட்டு முறை. 1980இல் ஹேக் நகரத்தில் நோர்வே அனுப்பிய பாட்டு, 'சாமீத் எட்னான்', சாமிகளின் நிலம் என்று பொருள். சாமிகளின் நிலத்தில் ஓடும் அல்தா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்துச் சாமி இளைஞர்கள் 1979இல் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் பாட்டு அவர்களைப் பற்றியது. பாதியில் மத்திஸ் ஹேத்தா சாமி உடையில் வந்து யோய்க் இசைப்பார். சாமி என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் என்ன பொருள் என்று சொன்னேன், அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, தானும் சாமிதான் என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேச விடவில்லையாம். நோர்வே அரசு பல தலைமுறையாகச் செய்த வேலை அது. பிள்ளைகளுக்கும் தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். தொலைக்காட்சியில் அந்த யோய்க் வந்த இரவு, பக்கத்தில் பிள்ளைகள் இருக்க, எழுந்து போய் அடுப்படியில் நின்றாராம். அந்தப் பாட்டு 16ஆம் இடம், தங்கச்சி. 19 நாட்டில் 16. அணையும் கட்டப்பட்டது. 1989இல் சாமிகளின் நாடாளுமன்றமும் திறந்தது. நீங்கள் குளியலறையில் அழுதீர்கள், அவர் அடுப்படியில்.

இன்னொரு 16ஆம் இடமும் உண்டு. 1993, அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட், குதிரை ஓட்டும் மண்டபம் ஒன்றில் நடந்தது. முற்றுகைக்குள் இருந்த சரயேவோவிலிருந்து பொஸ்னியப் பாடகர்கள் இரவில் விமான ஓடுபாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து வந்தார்கள். அவர்களுடைய இசை நடத்துநரால் வர முடியவில்லை, அயர்லாந்துக்காரர் ஒருவர்தான் அந்தப் பாட்டுக்கு வாத்தியக் குழுவை நடத்தினார். உலகத்தின் வலியெல்லாம் என்பது பாட்டின் பெயர். புள்ளி சொல்லும் நேரம் சரயேவோவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இரைச்சல். கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல், நாங்கள் இருக்கிறோம் என்பது போல. மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

நான் அப்போது ஒஸ்லோவில் அறையொன்றில் இரண்டு நண்பர்களோடு இருந்தேன். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அவர் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டி, வவுனியா வந்து, கொழும்பு போக வேண்டும். கிளாலியில் வள்ளங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வர வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. கூப்பிட்டாலும் பதில் சொல்ல லைன் இல்லை. பொஸ்னியா அன்றைக்கு எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்டால் 27 என்று இப்போதும் சொல்வேன். வென்றவர் பெயர் எனக்கு நினைவில் நிற்பதில்லை.

இதற்குப் பிறகும் அவமானம் என்ற சொல்லை எழுதுவீர்களா? 1978இல் யான் தைகென் பாரிஸில் பூச்சியம் எடுத்தார், நோர்வே அவரைத் தலையில் தூக்கி வைத்தது. 82இலும் 83இலும் திரும்பவும் போய்ப் பாடினார். உங்களைச் சுற்றியிருக்கும் இந்தச் சனத்திடம் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று.

கணவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். 'உல்வெஹாம்' பாட்டின் சொற்களை எடுத்து, வரி வரியாக உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சிற்றன்னையின் சாபத்தால் ஓநாய்த் தோலுக்குள் அடைபட்ட பெண்ணின் கதை அது, பழைய நாட்டார் பாடலிலிருந்து எடுத்தது. அவளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் நீங்கள் கொடுங்கள். உங்களுக்கு நோர்வேஜியச் சொல் பிடிபடாத இடத்தில் அவள் கொடுக்கட்டும்.

என் தாள் மஞ்சளாகிவிட்டது, மடிப்பில் கிழிந்தும் விட்டது. பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. செலின் டியோனுக்கு அந்த அம்மா போட்டது 4. நோர்வேக்கு 12, அதுதான் உச்சப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு வட்டம். அடுத்த மே மாதம் நீங்களும் ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். உங்கள் 12 யாருக்கு என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா