சுள்ளி அடுப்பு: கேள்வி-பதில்

ஆன்லைனில் ‘டைட்டானியம்’ என்று வாங்கிய கேம்ப்பிங் அடுப்பில் காந்தம் ஒட்டுகிறது. கேட்டால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். (திருப்பூர்)

இருக்காது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எவர்சில்வரை டைட்டானியம் என்று விற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் சுமை குறையும் என்று நம்பித்தான் ஒருவர் அவ்வளவு பணம் கொடுக்கிறார். (காந்தம் ஒட்டாவிட்டாலும் உடனே நம்பாதீர்கள், 304 ரக எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.) காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. விடாதீர்கள்.

இரட்டைச் சுவர் அடுப்பு, புகையே வராது என்றார்கள். கண் எரிகிறது. (நாகர்கோவில்)

என்ன விறகு போட்டீர்கள் என்று எழுதவே இல்லையே! அடித்துளை வழியாகப் போகும் காற்று இரண்டு சுவருக்கும் நடுவே சூடாகி, மேல்துளை வழியாக வந்து புகையை எரிக்க வேண்டும். அந்தத் துளைக்கு மேலே விறகை அடுக்கினால் புகை எரிய இடம் ஏது? விரல் தடிமனில் சவுக்குச் சுள்ளி போதும். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். துளைக்குக் கீழே வரை நிரப்பி மேலிருந்து பற்றவையுங்கள். அரளிக் குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம், விஷம்.

மழை வந்தால் கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கலாமா? (சேலம்)

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் போகும்போது சமைக்க ஒன்று வாங்கிவிட்டேன். வனத்துறை விடுமா? (மதுரை)

வாங்கிய பிறகா கேட்பது? காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் எத்தனை பேர் கருகினார்கள் என்பது மதுரைக்காரருக்குத் தெரியாதா? அடுப்பைத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ பயன்படுத்துங்கள்.

மடக்கு அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

தகட்டின் கனம் எவ்வளவு என்று போடாத அடுப்பை வாங்காதீர்கள். என்னிடம் ஒன்றை அப்படித் தள்ளிவிட்டார்கள். சூடேறியதும் ஒரு பக்கம் நெளிந்து, கொதிக்கிற சோற்றுப் பாத்திரம் சரிந்தது. ஆறிய பிறகு தகடுகளைப் பிரித்தால் திரும்பக் காடியில் செருக முடியவில்லை. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்றார் விற்றவர். அடுப்பைப் பற்றவைக்காமல் குறை எப்படித் தெரியும்?

பாத்திரத்தில் கரி போகவில்லை. (கரூர்)

அடுத்த முறை அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றுங்கள்.