சீமெந்துக் கல்லுக்குள் இருக்கிற காற்று: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நோர்வேயில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை தன் சூளையிலிருந்து வரும் காபனீரொட்சைட்டைப் பிடித்துக் கடலடியில் புதைக்கிறது என்று போன கிழமை எங்கள் வாசிகசாலையில் பேச்சுவாக்கில் சொன்னேன். அதோடு கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. இருபது வருடத்துக்கு மேல் சீமெந்து ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணை, புகைதான் பிரச்சினை என்றால் நிலக்கரியை விட்டுவிட்டு கரண்டில் சூளையைச் சூடாக்கலாமே? ஏன் பிடித்துப் புதைக்க வேண்டும்? (மேசன், பரந்தன்)

தம்பி, எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். நெருப்பை மாற்றினாலும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது கல்லுக்குள் இருந்து வருவது. ஒரு துண்டு சுண்ணாம்புக்கல்லில் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு வரும். அந்த நுரைக்குள் இருப்பது காபனீரொட்சைட்டுத்தான். புளி செய்வதைச் சூளையில் வெப்பம் செய்கிறது. 900 பாகை அளவில் கல் உடைந்து வாயு கழன்றுவிடும், மிஞ்சுவது நீறாத சுண்ணாம்பு. சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கையில் வரும், 44 கிலோ வானத்துக்குப் போகும். பழைய சுண்ணாம்புச் சூளைக்காரர் கல் வண்டியில் பாரமாக ஏறி, வேகின பிறகு லேசாக இறங்குவதைக் கண்டிருப்பார்கள்.

அந்தச் சுண்ணாம்பு களிமண்ணோடு சேர்ந்து 1450 பாகை வரை வெந்தால் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் நீங்கள் பிரிக்கிற பை. சாதாரண சீமெந்து 50 கிலோ பை ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே போயிருக்கும். அதில் 25 கிலோ அளவு கல்லிலிருந்து, மிச்சம்தான் எரிபொருளிலிருந்து. நெருப்பைச் சுத்தமாக்கினாலும் இந்த 25 கிலோவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பிடித்துப் புதைக்கும் பேச்சு வந்தது இதனால்தான்.

சேர், எப்படிப் பிடிக்கிறார்கள்? அமைன் என்று புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு)

நல்ல கேள்வி மகள். அமைன் என்பது நைதரசன் உள்ள ஒரு வகைச் சேர்வை. அது காரத்தன்மை உள்ளது, காபனீரொட்சைட்டு தண்ணீரில் அமிலத்தன்மை காட்டும். குளிர வைத்த சூளைப் புகையை ஓர் உயரமான கோபுரத்தின் கீழிருந்து ஏற்றுவார்கள், மேலிருந்து அமைன் கரைசல் மழைபோல இறங்கும். வாயு கரைசலைப் பற்றிக்கொள்ளும், நைதரசன் மேலே போய்விடும். பற்றிய கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 பாகை அளவில் சூடாக்கினால் வாயு தூய்மையாகக் கழன்று வரும், கரைசல் திரும்ப வேலைக்குப் போகும்.

இந்த இரண்டாவது சூடுதான் செலவு. நோர்வேயின் பிரெவிக் தொழிற்சாலை 2025 ஜூனில் திறக்கப்பட்டது, வருடத்துக்கு 4 லட்சம் தொன் பிடிக்கும் அளவு. அது அந்தத் தொழிற்சாலை வெளிவிடுவதில் பாதிதான். ஏன் பாதி? சூளையில் வீணாகப் போன வெப்பத்தைக் கொண்டு அவ்வளவைத்தான் கழற்ற முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் புதிதாக எரிபொருள் எரிக்க வேண்டும். இந்தக் கணக்கை மறைக்காமல் சொன்னதாலேயே எனக்கு அந்தத் திட்டத்தில் மதிப்பு.

பிடித்ததைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் பேர்கன் நகரப் பக்கம் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர் குழாய், பிறகு கடலடிக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் மணற்கல். 2025 ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போனது.

அது பிறகு வெளியே வராதா? ஆபிரிக்காவில் ஓர் ஏரியிலிருந்து வாயு வந்து ஆட்கள் செத்ததாகப் படித்திருக்கிறேன். (ஆசிரியை, மாங்குளம்)

ரீச்சர், நீங்கள் சொல்வது 1986இல் கமரூனின் நியோஸ் ஏரி. 1,700 பேர் அளவில் ஒரே இரவில் இறந்தார்கள். அதை லேசாக எடுக்கக்கூடாது. ஆனால் அங்கே எரிமலை வாயு ஏரித் தண்ணீரின் அடியில் கரைந்து, திறந்த போத்தல் சோடாபோல ஒரேயடியாகப் பொங்கியது. மேலே மூடி எதுவும் இல்லை. புதைக்கும் இடத்தில் துளைகள் உள்ள மணற்கல்லுக்கு மேல் தடித்த களிப்பாறை மூடியாக இருக்க வேண்டும். நோர்வேயின் ஸ்லைப்னர் கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் இப்படிச் செலுத்துகிறார்கள், மேல் மூடியை மீறி வரவில்லை. இடம் பார்க்காமல் எங்கும் புதைத்தால் அந்த நம்பிக்கை கிடையாது.

அப்படியென்றால் எங்கள் நிலத்தில் புதைக்கலாமா? வன்னியில் தொழிற்சாலையே இல்லையே? (வவுனியா)

புவியியலாளர் இலங்கையின் இந்தப் பகுதிப் பாறைக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கிணறு வெட்டினவர்களைக் கேளுங்கள்: மண்ணுக்குக் கீழே பெரும்பாலும் இறுகின கருங்கல். துளை இல்லாத பாறை வாயுவை வாங்காது. மேற்குக் கரையிலும் குடாநாட்டிலும் சுண்ணாம்புக்கல் உண்டு, ஆனால் அதன் துளைகளில் இருப்பது நாங்கள் குடிக்கிற தண்ணீர். மன்னார்க் கடலடியில் தடித்த படிவுப் பாறை இருக்கிறது, 2011இல் அங்கே எரிவாயு கண்டார்கள். ஆராய வேண்டுமென்றால் அங்கேதான்.

தொழிற்சாலை இல்லை என்பது சரி. காங்கேசன்துறைச் சூளை 1990இல் நின்றது. இப்போது நாட்டில் கிளிங்கர் வேகவைப்பது புத்தளத்தில். மற்ற இடங்களில் கப்பலில் வந்த கிளிங்கரை அரைக்கிறார்கள். புகை வேறு ஊரில் போனாலும், 2009க்குப் பிறகு வன்னி முழுக்க எழும்பின வீடுகளுக்கான புகைதானே அது.

புகையைப் பிடிக்கிறோம் என்று உறுதி தந்தால் பூநகரியில் சுண்ணாம்புக்கல் அகழ விடலாமா? (பூநகரி)

இல்லை ஐயா, இரண்டும் வேறு. புகையைப் பிடிப்பது வானத்துக்கு நல்லது. கல்லை எடுத்த குழியில் உவர் ஏறினால் அதை எந்தக் கோபுரமும் பிடிக்காது. பூநகரியில் அகழ்வை எதிர்த்த பொன்னாவெளிச் சனம் கேட்டது தண்ணீரைப் பற்றி. அதற்குத் தண்ணீரைப் பற்றிய பதில்தான் வேண்டும்: நிலத்தடி நீர் மட்டம், உவர் எல்லை, எத்தனை மீற்றர் வரை தோண்டுவது. காபன் பேச்சால் அந்தக் கேள்வியை மூட யாரையும் விடாதீர்கள்.

சாம்பல் கலந்த சீமெந்து பலம் குறைவாமே? உமிச்சாம்பலை நாங்களே கலக்கலாமா? (வீடு கட்டுபவர், விசுவமடு)

பலம் குறைவில்லை, மெதுவாக ஏறும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையச் சாம்பல் போன்றவை கலந்த சீமெந்தில் கிளிங்கர் குறைவு, அதனால் புகையும் குறைவு. ஆனால் ஏழு நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் வீண்தான், பதினாலு நாள் ஈரச்சாக்கு போடுங்கள். எங்கள் ஊரில் பல கொங்கிறீற்றுப் பிளேற்றுகள் வெடிக்கக் காரணம் சாம்பல் இல்லை, நாலாம் நாளே காய விட்டதுதான்.

உமிச்சாம்பல் நல்ல பொருள், சிலிக்கா நிறைந்தது. ஆனால் ஆலையடிக் குவியலில் கிடப்பது கறுப்பு, எரியாத கரி உள்ளது. அளவான சூட்டில் எரித்து, சாம்பல் வெளிறி, மாப்போல அரைத்தால்தான் வேலை செய்யும். வீட்டுத் தூணில் பரிசோதனை செய்ய வேண்டாம். கிளிநொச்சியிலேயே பொறியியல் பீடம் இருக்கிறது, ஆலைக்காரர் சேர்ந்து ஒரு மூட்டை கொண்டுபோய்ச் சோதிக்கக் கேட்கலாம்.

கொங்கிறீற்றே காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடும் என்று மகன் சொல்கிறான். உண்மையா? (அம்மா ஒருவர், ஒட்டுசுட்டான்)

உண்மை அம்மா. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ஆடை படிந்து இறுகுமே, அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் திரும்ப வாங்கிக் கல்லாவதுதான். சுவரும் அப்படியே, ஆனால் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு மெதுவாக, போனதில் ஒரு பங்கை மட்டும். அது கம்பி வரை போய்ச் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கிக் கொங்கிறீற்றைப் பிளக்கும். பிறகு உடைத்துக் கட்ட இன்னும் சீமெந்து. அதனால் மகனிடம் சொல்லுங்கள்: பிளேற் போடும் நாளில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலச் சீமெந்துக் கட்டிகள் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்க்கட்டும். கம்பி பலகையில் படுத்திருந்தால் கலவையைக் கொட்ட விட வேண்டாம்.