எஞ்சின் யாருடையது? விமானம் பற்றிய கேள்வி பதில்

விமானத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பெங்களூர்த் தமிழ் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை விமான உற்பத்தியிலேயே இருந்தவன் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், துறைமுகம்கூட இல்லாத பெங்களூரில் ஏன் விமானத் தொழிற்சாலை வைத்தார்கள்?

துறைமுகம் இல்லாததே ஒரு வசதியாகப் போயிற்று அம்மா. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. கடற்கரையை விட்டுத் தள்ளி இருப்பது பாதுகாப்பு. தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் முன்வந்தார், மைசூர் சமஸ்தானம் நிலமும் பணமும் கொடுத்தது. 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி (இன்றைய எச்ஏஎல்) தொடங்கியது. சிவசமுத்திரத்து மின்சாரம் இருந்தது, டாடா இன்ஸ்டிடியூட் என்று நம் பெரியவர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இருந்தது. அங்கே 1942-இல் விமானப் பொறியியல் துறையும் வந்துவிட்டது.

1943-இல் அமெரிக்க ராணுவ விமானப் படை தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, போரில் அடிபட்ட விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறையாக மாற்றியது. நம் ஆட்கள் பலர் தொழில் பழகியது அந்தப் பழுது வேலையில்தான். போர் முடிந்ததும் ஆர்டர் நின்றுபோனது. தொழிற்சாலையை மூடாமல் இருக்க ரயில் பெட்டி கட்டினார்கள். அந்தக் கைகள்தான் 1951-இல் எச்டி-2 பயிற்சி விமானத்தைக் கட்டின. டாக்டர் வி. எம். கட்கே தலைமையில் இங்கேயே வரைந்த வடிவமைப்பு. எஞ்சின் மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது. இந்த ‘எஞ்சின் மட்டும்’ என்பதை நினைவில் வையுங்கள்.

ஜீவன் பீமா நகர் நண்பர்: சுரஞ்சன் தாஸ் ரோடு வழியாகத்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். யார் சார் அவர்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். அவர் விமானப் படையின் சோதனை விமானி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மாருத் என்ற நம் போர் விமானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1950களின் நடுவில், ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம் வேண்டும் என்று விமானப் படை கேட்டது. பயிற்சி விமானம் மட்டுமே வடிவமைத்திருந்த ஒரு தொழிற்சாலையிடம் கேட்டார்கள்! ஜெர்மனியில் ஃபோக்கவுல்ஃப் 190 என்ற போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் வந்தார். முதலில் மாருத்தின் அளவிலேயே மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் உயரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். எஞ்சின் கிடையாது. உள்ளே உட்கார்ந்து அதைப் பத்திரமாக இறக்கியவர் தாஸ். அசல் மாருத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறக்கவிட்டவரும் அவர்தான்.

விமானம் அருமையானது, ஓட்டியவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் அது எந்த எஞ்சினை நம்பி வரையப்பட்டதோ, பிரிட்டனின் அந்த ஆர்ஃபியஸ் 12 வரவேயில்லை. அதன் உருவாக்கச் செலவை ஏற்க பிரிட்டனும் முன்வரவில்லை, நாமும் முன்வரவில்லை. கிடைத்தது ரீஹீட் இல்லாத ஆர்ஃபியஸ் 703. (ரீஹீட் என்றால் எஞ்சினின் பின்பகுதியில் இன்னொரு முறை எரிபொருளை எரித்துக் கூடுதல் உந்துவிசை எடுப்பது.) எகிப்து தயாரித்த எஞ்சினை மாருத்தில் மாட்டிப் பார்த்தார்கள், எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இங்கேயே ரீஹீட் உருவாக்கப் பார்த்தார்கள். 1970 ஜனவரியில், அப்படி ரீஹீட் பொருத்திய மாருத் ஒன்றைச் சோதிக்கக் கிளம்பிய தாஸ் விபத்தில் இறந்துபோனார்.

அப்புறமும் மாருத் சோடை போகவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலில் நன்றாகவே உழைத்தது. மொத்தம் 147 செய்தார்கள். எஞ்சினுக்கான அந்தப் பணத்தை அன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சி. வி. ராமன் நகரிலிருந்து: ராக்கெட்டே விடுகிறோம், ஜெட் எஞ்சின் செய்ய முடியாதா?

ராக்கெட் எஞ்சின் சில நிமிடங்கள் எரிந்தால் போதும். போர் விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும், விமானி கேட்டபோதெல்லாம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும்.

எஞ்சினுக்குள் சூடான வாயு வீசிச் சுழற்றும் தகடான டர்பைன் பிளேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும். அதன் மேல் வீசும் வாயுவின் சூடு, பிளேடு செய்த நிக்கல் கலவை உருகும் சூட்டைவிட அதிகம். உருகாமல் இருக்கக் காரணம், பிளேடுக்குள் நுண்ணிய வழிகள் விட்டு, எஞ்சினின் முன்பகுதியில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை உள்ளே அனுப்பி, மேற்பரப்பில் உள்ள பொடித் துளைகள் வழியே வெளியேற்றுவது. இதற்கு மேல், உலோகம் முழுவதும் ஒரே படிகமாக இருக்க வேண்டும். பல படிகங்கள் இருந்தால் அவை சேரும் இடம் அந்தச் சூட்டில் மெல்ல இழுபட்டுப் பிளந்துவிடும். அதனால் பீங்கான் அச்சில் உலோகத்தை ஊற்றி, உலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அச்சின் அடியில் பன்றி வால் போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கும். பல படிகங்கள் அதற்குள் நுழையும், ஒன்றுதான் மேலே வந்து சேரும். அந்த ஒன்றுதான் பிளேடாக வளர்கிறது.

இதைச் செய்யத் தெரிந்த நாடுகள் கொஞ்சம்தான், தெரிந்தவர்கள் விலைக்குக்கூடச் சொல்லித்தர மாட்டார்கள். உங்கள் ஏரியாவில் இருக்கும் ஜெட் எஞ்சின் ஆராய்ச்சி நிலையமான ஜிடிஆர்இ 1980களின் இறுதியிலிருந்து காவேரி எஞ்சினில் பாடுபட்டது. 2010-இல் ரஷ்யாவில் ஒரு ஐஎல்-76 விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டும் சோதித்தார்கள். ஆனால் நம் போர் விமானமான தேஜஸுக்குத் தேவையான உந்துவிசை கிடைக்கவில்லை. அதனால் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் பறந்ததிலிருந்து தேஜஸ் அமெரிக்க எஃப்404 எஞ்சினில்தான் பறக்கிறது. காவேரியைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே படித்த பாடத்தை வேறு எங்கேயும் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஐடிஐ ஃபிட்டர் படிக்கும் தம்பி, கே. ஆர். புரம்: அண்ணா, விமானத்தில் ஏன் வெல்டிங் இல்லாமல் ரிவெட்டாக அடிக்கிறார்கள்?

விமான அலுமினியத்தின் பலம், அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதில் வருவது தம்பி. வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ரிவெட்டில் இன்னொரு லாபம், ஒரு தகட்டில் விரிசல் விட்டால் பக்கத்துத் தகட்டுக்குச் சுலபத்தில் தாவாது. பழுதானதை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம்.

ஒன்று சொல்கிறேன், கேட்டு வைத்துக்கொள். 2024 என்ற அலுமினியக் கலவையில் செய்த ரிவெட்டை ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் அது மெத்தென்று இருக்கும். அறைச் சூட்டில் விட்டால் சீக்கிரமே தானாக இறுகத் தொடங்கும். குளிரில் வைத்தால் அந்த இறுக்கம் தள்ளிப்போகும். அதனால் அடிக்க வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து, சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். ஒருவர் வெளியே ரிவெட் அடிக்கும் கன் பிடிப்பார், மற்றவர் உள்ளே பக்கிங் பார் என்ற உலோகக் கட்டையை ரிவெட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடிப்பார். இறுகிப்போனதை அடித்தால் தலை வெடிக்கும். அதன் பிறகு துளைத்து எடுக்கத்தான் வேண்டும்.

இந்திரா நகர் வாசகி: ஜன்னல் ஏன் வட்ட ஓரமாக இருக்கிறது?

மூலை கூர்மையாக இருந்தால் அழுத்தம் அங்கே குவியும். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகம் அலுத்து விரிசல் விடும். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்தன. பிறகு ஒரு காமெட்டை தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் உடலில் வெட்டிய திறப்புகளின் மூலை காரணம் என்று தெரிந்தது.

மர்பி டவுன் பெரியவர்: தம்பி, சென்னையில் அந்தக் காலத்திலேயே விமானம் செய்தார்களாமே?

ஆமாம் ஐயா. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டச் செய்து பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷத்துக்குள்!

மாரத்தஹள்ளி அம்மா: பையன் பிளஸ் டூ. ஏரோனாட்டிகல் சேர்க்கலாமா சார்?

தாராளமாக. குரோம்பேட்டை எம்ஐடியில் அந்தப் படிப்பு 1949-லிருந்தே இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், உலோகவியலையும் பட்டியலில் மேலேயே வையுங்கள். இறக்கை வரையத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடம் நிறையப் பேர். பிளேடு வார்க்கத் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஏர்போர்ட் ரோட்டில் உள்ள எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். எஞ்சின்கள் வைத்திருக்கும் பக்கம் அவன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.