சரக்குக் கப்பல் வேஷத்தில் போர்க்கப்பல்: கேள்வி பதில்

கேள்வி: க்யூ கப்பல் என்கிறார்களே, அது என்ன?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு வைத்த பொறி. பழைய சரக்குக் கப்பல்களிலும் பாய்மரக் கப்பல்களிலும் பீரங்கிகளை ஒளித்து வைத்துக் கடலில் உலவ விட்டார்கள். சாதாரணக் கப்பல் என்று நம்பி நீர்மூழ்கி மேலே வந்து நெருங்கினால், மறைப்பை விலக்கிச் சுடுவார்கள். அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தின் முதலெழுத்தால் வந்த பெயர் என்பார்கள்.

கேள்வி: நீர்மூழ்கி அடியிலிருந்தே டார்பிடோ விட்டுவிட்டுப் போகலாமே! ஏன் மேலே வந்து மாட்டிக்கொள்கிறது?

நீர்மூழ்கி கொண்டுபோன டார்பிடோக்கள் சிலவே, விலையும் அதிகம். சின்னக் கப்பலென்றால் மேலே வந்து பீரங்கியால் சுடுவதே சிக்கனம். தவிர, வணிகக் கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலுள்ளவர்களைப் படகில் இறங்க விட வேண்டும் என்பது அன்றைய போர் விதி. பிரின்ஸ் சார்லஸ் என்ற நிலக்கரிக் கப்பல் 1915 ஜூலை 24 அன்று யு-36 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை இப்படித்தான் மூழ்கடித்தது.

கேள்வி: மாலுமிகள் நடிக்க வேண்டியிருக்குமா?

நடிப்புத்தான் பாதி ஆயுதம். அடி விழுந்ததும் ஒரு கூட்டம் அலறியடித்துப் படகில் இறங்கும். மீதிப் பேர் பீரங்கிகளுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் கிடப்பார்கள். உடனே மூழ்காதிருக்கக் கப்பலின் அடிப்பகுதியில் மரக்கட்டைகளை நிரப்பியிருப்பார்கள்.

1917 ஜூன் 7 அன்று நடந்ததைக் கேளுங்கள். கார்டன் கேம்ப்பெல் தலைமையில் சென்ற பார்கஸ்ட் என்ற க்யூ கப்பல் மீது டார்பிடோ பாய்ந்தது. படகில் இறங்கியவர்கள் கூண்டில் ஒரு பொம்மைக் கிளியைக்கூடத் தூக்கிக்கொண்டு போனார்களாம்! வெடிப்பில் ஒரு பீரங்கியின் மறைப்புப் பலகை கழன்றுவிட்டது. விழுந்தால் வேஷம் கலைந்துவிடும். வில்லியம் வில்லியம்ஸ் என்ற மாலுமி அதன் முழுப் பாரத்தையும் தன் உடம்பில் தாங்கிப் பிடித்தார். நீர்மூழ்கி யுசி-29 கிட்டத்தில் வந்து தலைகாட்டும் வரை, அசையாமல்! அதன் பிறகே பீரங்கிகள் முழங்கின. கப்பலில் எல்லோரும் சமமாகத் துணிந்ததால், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் யாருக்கு என்று அவர்களே வாக்களித்தார்கள். ஸ்டூவர்ட் என்ற அதிகாரிக்கும் வில்லியம்ஸுக்கும் கிடைத்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும் இடம் இது.

கேள்வி: பொய்க்கொடி கட்டுவது சட்டப்படி சரியா?

கட்டலாம், சுடுமுன் இறக்கிவிட்டுத் தன் கொடியை ஏற்றிவிட வேண்டும். ஆனால் 1915 ஆகஸ்டில் பேராலாங் என்ற க்யூ கப்பல் செய்தது வேறு. அமெரிக்கக் கொடியோடு நெருங்கி யு-27ஐ மூழ்கடித்தது. உயிர் தப்பி நீந்திய ஜெர்மானியர்களையும் அதன் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அது கொலை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: சென்னைமேல் குண்டு போட்ட எம்டனும் இந்த வகைதானா?

இல்லை, எம்டன் முழுப் போர்க்கப்பல். ஆனால் 1914இல் பினாங்குக்குள் நுழையப் பொய்யாக நான்காவது புகைபோக்கி வைத்துக்கொண்டது. க்யூ கப்பலுக்கு நெருங்கிய உறவு என்றால் ஜெர்மனியின் வுல்ஃப்: சரக்குக் கப்பல் தோற்றத்தில் வந்து 1917இல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடி போட்டுவிட்டுப் போனது.

கேள்வி: மொத்தத்தில் பலன் உண்டா?

குறைவுதான். சுமார் 200 கப்பல்கள் இறங்கி மூழ்கடித்த நீர்மூழ்கிகள் 14 அளவில். இழந்த கப்பல்கள் அதைவிட அதிகம். 1917 பிப்ரவரியிலிருந்து ஜெர்மானியர்கள் எச்சரிக்கையின்றித் தாக்கத் தொடங்கியதும் பொறிக்கு வேலை குறைந்தது. கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பியதுதான் உண்மையில் கைகொடுத்தது. இது தெரிந்திருந்தும் 1942 மார்ச்சில் அமெரிக்கா ஆட்டிக் என்ற கப்பலை இதே வேஷத்தில் அனுப்பியது. முதல் பயணத்திலேயே யு-123 அதை மூழ்கடித்தது. 141 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.