மஞ்சளைக் குறைத்தால் முகம் ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: தங்கையின் திருமணப் படங்கள் எல்லாம் அரங்குக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் மஞ்சளாக இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் மஞ்சள் நிறத்தைக் குறைத்தேன். முகங்கள் சாம்பல் பூசியது போல் ஆகிவிட்டன. இரண்டு படங்களை அச்சிட்டுப் பார்த்தேன், இருண்டு வந்தன. பிரீசெட் தொகுப்பு ஒன்றை வாங்கினால் ஒரே சொடுக்கில் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? மொத்தம் 400 படங்கள் இருக்கின்றன.

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சாம்பல் முகத்தைக் கவனிப்போம்.

கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோலில் சிவப்பும் மஞ்சளும் கலந்தே இருக்கின்றன. அது பிறந்த மஞ்சள். அரங்கின் விளக்கு வேறொரு மஞ்சளை அதன்மேல் ஏற்றிவிட்டது. அந்த ஏறிய மஞ்சள் முகத்தில் மட்டும் இல்லை. வெள்ளைச் சட்டையில், சாம்பல் சுவரில், தலைமுடியின் கறுப்பில், எல்லாவற்றிலும் ஒரே சீராகப் படிந்திருக்கிறது. நீங்கள் மஞ்சளின் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, குறைத்தீர்கள். மென்பொருளுக்குப் பிறந்த மஞ்சளும் ஏறிய மஞ்சளும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. முகத்தின் உயிரும் அதோடு போயிற்று.

நீங்கள் தொடவேண்டியது ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கு ஏற்றிய நிறத்தைப் படம் முழுவதிலும் ஈடுகட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. அதில் இரண்டு பட்டைகள் இருக்கும். டெம்பரேச்சர் பட்டை நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகரும். டின்ட் பட்டை பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே. சில மென்பொருள்களில் முதல் பட்டையில், ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் எண் தெரியும். பழைய குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின், நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500. எண்ணைக் குறைத்தால் படம் நீலமாவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ‘அங்கே எரிந்தது இப்படிப்பட்ட மஞ்சள் விளக்கு’ என்று மென்பொருளுக்கு நீங்கள் தெரிவிக்கிறீர்கள். அதை ஈடுகட்ட அது நீலத்தைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

கண்ணால் அளக்கத் தயக்கமாக இருந்தால், பக்கத்திலேயே சொட்டுக்குழாய் போன்ற ஒரு கருவி இருக்கும். அதை எடுத்து, உண்மையில் சாம்பலாகவோ மங்கிய வெள்ளையாகவோ இருந்த ஒரு பொருளின்மேல் சொடுக்குங்கள். நிழல் விழுந்த சட்டைக் காலர் நல்ல இடம். பளீரென்று வெளுத்துப்போன இடத்தைத் தொடாதீர்கள். அங்கே நிறத்தகவலே மிச்சமிருக்காது, கிடைக்கும் விடையும் தவறாகும். சரியானதும் பட்டையை மஞ்சள் பக்கம் சிறிது திருப்பிக்கொடுங்கள். விளக்கொளியில் நடந்த விழா அலுவலக அறை போல் வெளிறித் தெரியக் கூடாது.

பல கைபேசிச் செயலிகளில் இந்த முக்கியமான பட்டை உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது. திறந்தவுடன் கண்ணில் படுவதெல்லாம் ஃபில்டர்களும் ‘ஆட்டோ’ பொத்தானும்தான். செய்யவேண்டிய முதல் வேலையைக் கடைசியில் மறைத்து வைத்தால் மக்கள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?

இனி பிரீசெட். பட்டைகளை யாரோ ஒருவர் தன் படத்துக்கு ஏற்றபடி நகர்த்தி, அந்த நிலைகளைச் சேமித்து வைத்த சிறு கோப்பு அது. உங்கள் அரங்கில் என்ன விளக்கு எரிந்தது என்பது அதற்குத் தெரியாது. விற்பவர் காட்டும் ‘முன்–பின்’ படங்கள் நல்ல ஒளியில், திறமையாக எடுக்கப்பட்டவை. அவற்றின்மேல் எதைப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். அதையே உங்கள் மஞ்சள் படத்தின்மேல் போட்டால் தோல் செம்மண் நிறமாகும், நிழல்கள் பச்சையாகும். நூற்றுக்கணக்கில் அடுக்கிய தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று இம்மியளவே மாறுபட்டிருக்கும். இப்படி வாங்கி ஏமாந்தபின் என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களில் சிலர் மூலக்கோப்பின்மேலேயே சேமித்துவிட்டு வந்தார்கள். அதுதான் என்னை வருத்துகிறது. பணம் போனால் போகட்டும், அந்த நாளின் படம் போய்விட்டதே! எதைத் தொடும் முன்பும் மூலத்தை நகலெடுத்துத் தனியே வையுங்கள். திருட்டு மென்பொருளைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் ஆகிய மூன்றும் இலவசம். உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

உங்களிடம் இருப்பது எந்தக் கோப்பு என்றும் பாருங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384. விளக்கொளியில் நீலம் மிகக் குறைவாகவே பதிந்திருக்கும். ஜேபெக்கில் அதை வலிந்து ஏற்றினால் புள்ளி புள்ளியாகக் கரகரக்கும். அரட்டைச் செயலி வழியாக வந்த படமென்றால் நிலைமை இன்னும் மோசம். படம் எடுத்தவரிடம் ரா கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால், ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து புதிதாக ஜேபெக் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்கத் தயங்காதீர்கள். எல்லாப் படமும் மஞ்சளாக வந்தது அவர் கவனித்திருக்க வேண்டிய குறை.

ஒரு சிக்கல் மட்டும் இந்த வழிக்குக் கட்டுப்படாது. முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் விளக்கு. ஜன்னல் பக்கத்தைச் சரிசெய்தால் மறுகன்னம் ஆரஞ்சாகும். விளக்குப் பக்கத்தைச் சரிசெய்தால் இந்தக் கன்னம் நீலமாகும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கெடும். பட்டையோடு மணிக்கணக்கில் போராடினாலும் தீராது, ஏனென்றால் படத்தில் இரண்டு ஒளிகள் இருக்கின்றன, பட்டை ஒன்றுதான். இங்கே முகத்தில் அதிகமாக விழும் ஒளி எதுவோ அதற்கேற்பப் பட்டையை வையுங்கள். பிறகு படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க உதவும் மாஸ்க் அல்லது பிரஷ் கருவியால் மற்ற பகுதியின்மேல் மட்டும் பூசி, அங்கே டெம்பரேச்சரைத் தனியாக மாற்றுங்கள். பிரஷ்ஷின் விளிம்பு மென்மையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மூக்கின்மேல் கோடு விழும். முழுவதும் ஒன்றாக்க முயலாதீர்கள், வேறுபாட்டைப் பாதியாகக் குறைத்தால் போதும். மீதியைக் கண் ஏற்றுக்கொள்ளும். ஃபிளாஷ் விழுந்து முகம் சரியாகவும் பின்னணி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் தொடவே வேண்டாம், அது அழகு. எதற்கும் மசியாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், அதில் வெட்கம் ஏதுமில்லை.

அச்சு இருண்டதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் திரை. கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தோடுதான் திரைகள் கடைக்கே வருகின்றன. அந்தப் பிரகாசத்தை நம்பி நீங்கள் படத்தை இருட்டாகவே விட்டுவிட்டீர்கள். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதனருகே வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். இரவு நேர மஞ்சள் திரை வசதியை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிறவெளியில் சேமியுங்கள். அச்சிடும் இடத்தில் ‘தானியங்கித் திருத்தம் வேண்டாம்’ என்று வாயால் கேட்டு உறுதிசெய்யுங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த முகத்தை அந்த இயந்திரம் மீண்டும் தன் போக்கில் மாற்றக்கூடும்.

400 படங்களையும் தனித்தனியே திருத்த வேண்டியதில்லை. மேடை, உணவறை, வாசல் என்று ஒரே விளக்கின் கீழ் எடுத்தவற்றைப் பிரித்து அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு படத்தை மட்டும் பொறுமையாகச் சரிசெய்து, அந்த அமைப்பை நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டுங்கள். பிறகு அடுக்குக்கு ஒன்று வீதம் சிறிய அளவில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது சரியாக வந்தபின் மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.