சைபர் பாதுகாப்பு படிக்கும்போது சுருக்கக் குறிப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

நாகர்கோவிலில் கணினி அறிவியல் படிக்கும் நீங்கள், சேமித்து வைத்த நூற்றுக்கணக்கான குறிப்புகளில் வேண்டியது வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியின் பெயரால் பிரித்து வைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆய்வகத்தில் அமரும்போது நம் மனத்தில் எழுவது வலைப்பின்னலை ஆராயும் கருவியான ‘என்மேப்’பின் பெயரன்று, ‘இந்தக் கணினியில் எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன’ என்ற கேள்வி. (போர்ட் என்பது வலைப்பின்னல் தொடர்புகள் கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாயில்.) ஆகவே ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கேள்வியையே தலைப்பாக்குங்கள். அதன்கீழ் கட்டளை, அதன் ஒவ்வொரு பகுதியும் செய்யும் வேலை, நீங்களே இயக்கிக் கண்ட வெளியீட்டின் சில வரிகள், இயக்கிய தேதி ஆகியவை இருக்கட்டும். இயக்கிப் பார்க்காத கட்டளையை, எவ்வளவு நம்பகமான இடத்திலிருந்து எடுத்ததாயினும், தனிக் கோப்பில் ஒதுக்கி வையுங்கள்.

மாறாதவற்றையும் மாறுபவற்றையும் கலக்க வேண்டாம். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் நுழைய) 22, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக்க) 53, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான வலைத்தள இணைப்புக்கு) 443 போன்ற போர்ட் எண்களை ஒரே தாளில் கையால் எழுதி மேசையருகே ஒட்டலாம். நம் மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டென்பதால், மின்சாரம் போகும் மாலைகளிலும் அது கைகொடுக்கும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும், வலைச் செயலிகளின் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலோ 2017, 2021 எனப் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. அதைப் படியெடுக்காமல், ஆண்டைக் குறித்து இணைப்பை மட்டும் வைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நேர்மையற்ற நோக்கத்துடன் நுழைந்தால் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடும் என்பதால், குறிப்பிலுள்ள எந்தக் கட்டளையையும் உங்கள் சொந்த மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினியில்) மட்டுமே இயக்கிப் பழகுங்கள்.