பௌதிகவியல் ஜீஆர்ஈ: மூன்று மாதத்தில் எதை முதலில் படிப்பது?

வணக்கம். கொழும்பு கம்பஸில் இறுதியாண்டு, பௌதிகவியல் ஜீஆர்ஈக்கு (அமெரிக்கப் பட்டமேற்படிப்பு அனுமதிக்கான பரீட்சை) மூன்று மாதம், குவாண்டத்தில் தொடங்கவா என்று கேட்டிருக்கிறீங்கள். வேண்டாம். கேள்விகளில் மெக்கானிக்ஸ் 20%, மின்காந்தவியல் 18%. குவாண்டம் 13% அளவில்தான். முதல் ஆறு கிழமையையும் அந்த இரண்டுக்கும் குடுங்கோ.

மெக்கானிக்ஸில் லக்ராஞ்சியன் (சக்திகளை வைத்து இயக்கச் சமன்பாடு எழுதும் முறை), சிறு அலைவுகள், உருளும் பொருட்கள் திரும்பத் திரும்ப வரும். முழுதாகத் தீர்க்கப் போனால் நேரம் போய்விடும். ஒரேமாதிரி இரண்டு ஊசல், நடுவில் ஒரு வில் என்றால், இரண்டும் ஒன்றாக ஆடும்போது வில் நீளாது. அந்த மீடிறன் தனி ஊசலினதுதான். தரப்படும் விடைகளில் பாதி அங்கேயே கழிந்துவிடும். பரிமாணச் சோதனையும் (விடையின் அலகு பொருந்துதா என்று பார்ப்பது) அப்படித்தான்.

அணுப் பௌதிகம் 10%. ஐதரசனின் அயனாக்கச் சக்தியான 13.6 இலத்திரன்வோல்ற்றை மற்ற அணுக்களுக்கு மாற்றத் தெரிந்தால் போதும்: ஒற்றை அயனான ஹீலியத்துக்கு நான்கு மடங்கு, பொசித்திரோனியத்தில் (இலத்திரனும் பொசித்திரனும் சேர்ந்தது) ஒடுக்கிய திணிவு பாதி என்பதால் 6.8.

பலர் கைவிடுவது ஆய்வுகூட முறைகள், 6%. ஒரு நாள் வேலைதான். கதிர்வீச்சு எண்ணியில் 10,000 எண்ணிக்கை என்றால் வழு அதன் வர்க்கமூலம், 100, அதாவது 1%. வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் எண்ண வேண்டும். வெப்பவியக்கவியல், ஒளியியலுக்கு உங்கட பழைய குறிப்புகளே காணும்.

இப்போது 2 மணித்தியாலத்தில் சுமார் 70 கேள்விகள். பழைய தாள்களில் 170 நிமிடத்துக்கு 100. வேகம் கிட்டத்தட்ட ஒன்றே, ஆகவே அவற்றில் 70ஐ எடுத்து மணிக்கூடு வைத்துச் செய்யுங்கோ. கல்குலேற்றரைத் தொடாதீங்கோ. பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீங்கோ.